போய் வந்த எட்டுக் குண்டுகள்

1974ஆம் ஆண்டு ஒக்டோபர் ஏழாம் திகதி, திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, முதல்நாள் சுடப்பட்ட எட்டு ஈயக் குண்டுகள் லிட்கம் என்ற புறநகரிலிருந்த ஒரு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குசினியில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் அரியரத்தினம், இலங்கையிலிருந்து வந்து நீர்வழங்கல் சபையில் வரைபடம் கீறுபவர். அவருடைய மனைவி நாகேஸ்வரி, மருத்துவமனைத் தாதி. மகள் கமலினி, வயது பதினைந்து. நார்த்மீட்டிலிருந்து தோசைக்கு வந்திருந்த சேஷாத்ரி, பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவர், சென்னைக்காரர். அவருடைய மனைவி பத்மா. துவக்குச் சுடும் கழகத்துச் செயலாளர் கீத் அன்று அங்கே இருக்கவில்லை. இருந்ததாக அவர் பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறார். அது நட்பினால் சொன்னது, ஆனாலும் சரியல்ல. குண்டுகள் பின்கதவால் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே உருண்டு, கால்மிதியில் மண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையின் காலடியில் வரிசையாக நின்றன. பத்மா கையிலிருந்த சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தார். சேஷாத்ரி எண்ணிப் பார்த்தார். எட்டும் இருந்தன.

துவக்கு அந்த வீட்டுக்கு வந்த விதத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. 1973 டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அலுவலகத்தில் நடந்த அதிர்ஷ்டச் சீட்டில் அது அரியரத்தினத்துக்கு விழுந்தது. குழலின் வாயால் வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் இடித்து நிரப்பும் பழைய வகை. இலங்கையில் அதை இடியன் என்பார்கள். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லி இரண்டாம் பரிசான பன்றித் தொடையை வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். விழுந்ததை மாற்றிக் கேட்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. பொலிசில் அனுமதிப் பத்திரம் எடுக்கும்வரை அதைத் தொடாமல் இருந்து, எடுத்தபின் ரவுஸ் ஹில்லுக்கு அப்பால் ஒரு புல்வெளியில் இயங்கிய கழகத்தில் சேர்ந்து, ஞாயிறுதோறும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய்ச் சுட்டார். உயிருள்ள எதையும் சுடவில்லை. காகித இலக்கை மட்டுமே சுட்டார். வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருந்தால் அதையும் சுட்டிருக்க மாட்டார்.

குண்டைக் கடையில் வாங்குவதா, வீட்டில் வார்ப்பதா என்ற கேள்வி அந்த வீட்டில் ஏழு மாதம் நடந்தது. கடைக் குண்டு நூறு நூறாகப் பெட்டியில் வந்தது; எல்லாம் ஒரே எடை, ஒரே பளபளப்பு, தையல் இல்லாத உருண்டை. ஆனால் அரியரத்தினத்தின் குழலுக்கு அது ஒரு மயிரிழை பெரிது. உள்ளே இறக்க மரச்சுத்தியலால் தட்டவேண்டியிருந்தது. தட்டும்போது பக்கத்தில் நின்றவர்கள் கிழவன் தேங்காய் உடைக்கிறான் என்று ஆங்கிலத்தில் பகிடி பண்ணினார்கள். வார்த்தால் குழலுக்கு ஏற்ற அளவில் வார்க்கலாம். பழைய வீடுகளின் கூரை மாற்றும்போது கழற்றி எறியும் ஈயத் தகடு கேட்டவர்க்குக் கிடைத்தது. சேஷாத்ரி கடையின் பக்கம் நின்றார்.

“என்ன சார் நீங்க, டப்பாவைத் திறந்தா நூறு உருண்டை. இதுக்குப் போயி அடுப்பு மூட்டறீங்களே! எங்காத்துல ஈயத்தை அடுப்புல வெச்சா அதுக்குள்ள ரசம் இருக்கும்.”

“உது வெள்ளீயம். இது காரீயம். நீர் பள்ளிக்கூடத்தில இரசாயனம் படிப்பிக்கிறீரோ, ரசம் படிப்பிக்கிறீரோ?”

“முதல்ல இந்த ‘நீர்’ ‘உமக்கு’ எல்லாம் விடுங்க சார். ராஜா நாடகத்துல மந்திரி வேஷம் கட்டின மாதிரி இருக்கு.”

கமலினி பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல், “ஜஸ்ட் பை தெம், அப்பா,” என்றாள். அது கருத்தாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. தீர்ப்புச் சொன்னவர் நாகேஸ்வரி. “இஞ்சாருங்கோ, வாக்கிறதெண்டால் வாத்துக்கொள்ளுங்கோ. ஆனா என்ர குசினிக்குள்ள வேண்டாம். உந்தப் புகை பிள்ளையின்ர நெஞ்சுக்குள்ள போகக்கூடாது. வெளியில, காத்துப் பிடிக்கிற இடத்தில, கையுறை போட்டு. உருக்கிற சட்டி திரும்பி வீட்டுக்குள்ள வரவும் கூடாது.” ஆகவே வார்ப்பது என்று முடிவாயிற்று.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பின்வளவில் அடுப்பு வைக்கப்பட்டது. அச்சு என்பது பாக்குவெட்டி போல இரண்டு பிடியும், மூடினால் நடுவில் இரண்டு உருண்டைப் பொந்துகளும் உள்ள ஒரு சாமான். மேலே சிறு துளை. அகப்பையால் அதில் ஈயத்தை ஊற்றி, இறுகியதும் திறந்தால் இரண்டு குண்டு விழும். அச்சுச் சூடேறுமுன் வார்த்தவை சுருக்கம் விழுந்து பிறந்ததால் திரும்பச் சட்டிக்குள் போயின. மெழுகுதிரித் துண்டு போட்டு அழுக்கை எடுத்தபின் நல்ல குண்டுகள் வரத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் நாகேஸ்வரி பிற்பகல் வேலைக்குப் புறப்பட்டார். அந்தக் குடும்பத்தில் வீட்டைவிட்டு இறங்கும் எவரும் ‘போறன்’ என்று சொன்னதில்லை. போகிறவர் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பார், நிற்கிறவர் ‘போட்டு வாரும்’ என்று அனுப்புவார். இது தவறினால் படியிறங்கியவர் திரும்ப வந்து இருந்து தண்ணீர் குடித்துப் புதிதாகப் புறப்படவேண்டும். நாகேஸ்வரி பின்கதவில் நின்று, “நான் போட்டு வாறன்,” என்றார். அரியரத்தினம் அகப்பையைச் சரித்தபடி, தலை குனிந்து, அச்சின் வாய்க்கு நேரே, “ஓம், போட்டு வாரும்,” என்றார். நாகேஸ்வரி மணிக்கூட்டை மறந்து திரும்பி வந்தார். பிறகு குடைக்கு வந்தார். பிறகு கதவு பூட்டும் திறப்புக் கோவைக்கு வந்தார். நான்கு தரமும் முறைப்படி சொல்லிக்கொண்டார், நான்கு தரமும் அரியரத்தினம் ஈயம் வார்த்துக்கொண்டே மரியாதையாக விடை கொடுத்தார். ஒரு வார்ப்புக்கு இரண்டு. அந்த எட்டுக் குண்டுகளும் தங்களுக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டன.

அன்று வார்த்த மற்ற முப்பது குண்டுகள் அந்த வருடமே சுட்டுத் தீர்ந்தன; அவை போயின, வரவில்லை. இந்த எட்டும் போயின, காகிதத்தில் துளையிட்டன, பின்னாலுள்ள மண் மேட்டைத் துளைத்து அப்பால் வெளிவந்தன, வேலியோரமாக வீதிக்கு ஏறி, இடப்பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்கு நடந்தன. நடை என்பது அவற்றைப் பொறுத்தவரை உருளுவது. சந்திகளில் நின்று பார்த்துக் கடந்தன. இருட்டியபின் பயணம் செய்யும் பழக்கம் இல்லாததால், நடுவழியில் நார்த்மீட்டில் தெரிந்த வீடு என்று சேஷாத்ரியின் வாசலில் தங்கின. இது மூன்றாவது வாரம் பத்மா விடியப் பால்போத்தல் எடுக்கக் கதவு திறந்தபோது தெரியவந்தது. அவர் அடுத்த ஞாயிறே வாசற்படியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்தார். “லாட்ஜா நடத்தறே?” என்று சேஷாத்ரி கேட்டார். “எட்டுப் பேர் நடந்து வந்திருக்கா, வெறுந்தரையிலேயா படுப்பா?” என்றார் பத்மா. மண் மேட்டில் மோதிய ஈயம் நசிந்து போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. நசியத்தான் செய்தது. ஆனால் இருபது மைல் உருண்டபின் எதுவும் உருண்டையாகிவிடும். கடைக் குண்டைவிடத் திருத்தமான உருண்டையாக அவை வந்து சேர்ந்தன. சிறிது தேய்ந்தபோது அரியரத்தினம் குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியை ஒரு சுற்றுத் தடிப்பாக வெட்டினார். அது அவருடைய பழைய வேட்டித் துணி.

1975இல் அவர் கழகத்தில் மூன்றாம் இடம் வந்தார். 1976 நடுப்பகுதியில் முதலிடம். அந்த ஆண்டில்தான் கெட்ட பேச்சுப் புறப்பட்டது. கழகத்தில் வருடத்துக்கு ஒருமுறை மண் மேட்டைக் கிளறி, உள்ளே கிடக்கும் ஈயத்தைப் பொறுக்கி, எல்லாருக்கும் பங்கிடுவார்கள். எல்லாருடைய இலக்குக்குப் பின்னாலும் வாளி வாளியாக ஈயம் இருந்தது. அரியரத்தினத்தின் இலக்குக்குப் பின்னால் ஒரு பட்டாணியளவும் இல்லை. ஒக்டோபரில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த மனிதர் குண்டு போடாமல் வெறும் மருந்தை வெடிக்கிறார், காகிதத்தில் முன்கூட்டியே பென்சிலால் குத்திக்கொண்டு வருகிறார் என்று அங்கத்தவர்கள் நினைப்பதாகவும், டிசம்பர் முதல் ஞாயிறு குழுவின் முன் சுட்டுக் காட்டாவிட்டால் பெயரை வெட்டி அறிவிப்புப் பலகையில் காரணத்தோடு ஒட்டுவார்கள் என்றும் அதில் இருந்தது. கடிதம் ‘ஹரி ரட்டன்’ என்ற பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை என்று அரியரத்தினம் முதலில் பதில் எழுதினார். பின்பு, அரியரத்தினம் என்பவர் இருக்கிறார், அவர் வருவார் என்று அதன் கீழே எழுதினார். அந்தக் குடும்பத்தில் கள்ளம் செய்தவர் என்று எந்தக் காலத்திலும் எவரும் இல்லை. 1938இல் ஒரு தேங்காய் விடயம் பேசப்பட்டது உண்மை. அது பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தவறாக அடைத்ததால் வந்தது, நீதிமன்றத்திலும் அப்படியே தீர்ந்தது.

குண்டுகள் திரும்பி வருவதை அவர் கழகத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திராது என்று சிலர் சொல்லலாம். கேட்காதவரிடம் வீட்டுச் செய்தி சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. வீதியோரத்துப் பழக்கடைக்காரர்கள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடமும் கழகத்தார் எவரும் கேட்கவில்லை. சேஷாத்ரி ஒரு பெட்டி கடைக் குண்டோடு லிட்கத்துக்கு வந்தார். இந்த முறை அவர் வாதாடவில்லை, கெஞ்சினார்.

“சார், என் பேச்சைக் கேளுங்க. இந்த உருண்டைங்களைப் போட்டுச் சுடுங்க. மண்ணுக்குள்ள போகும், அங்கேயே கிடக்கும். தோண்டுவான், எடுப்பான், சாரின்னுட்டுப் போயிடுவான். விஷயம் முடிஞ்சது.”

“அப்ப இவ்வளவு காலமும் நான் சுட்டது?”

“அதை யாரு கேக்கப்போறா?”

“நான் கேப்பன். கடைக் குண்டைப் போட்டுச் சுட்டால், வாத்த குண்டு கள்ளக் குண்டெண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி. என்ர மகளுக்கு நாளைக்கு ஒரு பேச்சு வரும். தகப்பன் கள்ளன், அகப்பட்டாப் பிறகு கடையில வாங்கினவன் எண்டு.”

“அப்போ திரும்பி வர்றதுன்னு சொல்லித் தொலைங்களேன்!”

“கள்ளன் எண்டு எழுதினவனுக்கு நான் விளக்கம் சொல்லுறதோ? வந்து பாக்கட்டும்.”

நாகேஸ்வரி அந்த எட்டையும் கழுவித் துடைத்து ஒரு முகப்பவுடர்ப் பேணியில் போட்டுக் கொடுத்தார். பெட்டியைச் சேஷாத்ரியிடமே திருப்பிக் கொடுத்து, “காருக்குள்ள வைச்சுக்கொண்டு வாங்கோ அண்ணை. இவருக்குத் தேவைப்படாது. உங்கட மனதுக்குத் தேவைப்படும்,” என்றார்.

டிசம்பர் ஐந்தாம் திகதி காலை ஏழு மணிக்குக் குழுவினர் பதினேழு பேர் நின்றார்கள். கீத் எட்டுக் குண்டையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் பேனாக்கத்தியால் தன்னுடைய பெயரின் முதலெழுத்தைக் கீறினார். காகிதத்தை இருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், துளை இல்லை. அரியரத்தினம் எட்டு வெடி வைத்தார். எட்டுத் துளை விழுந்தது, ஆறு நடுவட்டத்துக்குள். இனி மேட்டைத் தோண்டினார்கள். முதலில் ஒரு மண்வெட்டி, பிறகு மூன்று. எட்டுப் பொந்து இருந்தது. பொந்துக்குள் ஈயம் இல்லை. அரைமணி நேரம் கிளறினார்கள். ஒருவர் துப்பினார். இன்னொருவர் அங்கத்தவர் பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். சேஷாத்ரி காருக்கு ஓடிப்போய்ப் பெட்டியோடு வந்து, “சார், ப்ளீஸ்,” என்றார். அரியரத்தினம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, துவக்கை ஊன்றி, அப்படியே நின்றார். அவருடைய காது மடல் மட்டும் சிவந்திருந்ததாகக் கூடப் போயிருந்த நாகேஸ்வரி பிற்பாடு சொன்னார்.

கீத் நீளமான மண்வெட்டி ஒன்று எடுக்க மேட்டின் பின்பக்கக் கொட்டிலுக்குப் போனார். போனவர் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால், ஹரி, உன்னுடைய சாமான்கள் கேற்றைத் திறக்கச் சொல்லி நிற்கின்றன என்பதாகும். எல்லாரும் ஓடினார்கள். வேலிக் கேற்றின் முன் எட்டுக் குண்டுகளும் வரிசையாக நின்றன. சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறியிருக்கும்போது கேற்றைத் தாண்டக்கூடாது என்பது கழகத்தின் மூன்றாவது விதி. கீத் முதலாவது குண்டைக் கையில் எடுத்துத் திருப்பி, தன் எழுத்தைப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு போய்க் கொடியை இறக்கினார். குண்டுகள் புறப்பட்டன.

பதினேழு பேரும் பின்னால் நடந்தார்கள். வீடுவரை பார்த்தால்தான் அறிக்கை எழுதலாம் என்று கீத் சொன்னார். மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை. போல்கம் ஹில்சில் பழக்கடைக்காரர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். நார்த்மீட்டில் பத்மா பகல் வெயிலுக்கு ஒரு குடம் நீர்மோர் கரைத்து வைத்திருந்தார், தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கியும் வைத்திருந்தார். பொழுது இருந்தபடியால் குண்டுகள் அதில் ஏறி ஒருதரம் சுற்றி மரியாதை செய்துவிட்டு இறங்கின. கீத் மூன்று கிளாஸ் மோர் குடித்துவிட்டு இஞ்சியைப் பற்றி விசாரித்தார். பரமட்டாவில் அறுபது பேர் ஆனார்கள். கிரான்வில்லில் லெபனான்காரர் ஒருவரின் கல்யாண ஊர்வலம் மேளத்தோடு எதிரே வந்து, யார் கல்யாணம் என்று கேட்டு, இல்லை என்று தெரிந்தும் திரும்பிச் சேர்ந்துகொண்டது. மணப்பெண் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குண்டுகளுக்கு முன்னால் ஆடினாள். ஐஸ்கிறீம் வான்காரர் தன் மணியை மேளத்துக்கு ஏற்ப அடித்தார். மாலை ஆறு மணிக்கு லிட்கத்தில் நூற்று நாற்பது பேர் நிற்க, எட்டுக் குண்டுகளும் கால்மிதியில் துடைத்துக்கொண்டு உள்ளே போயின. கமலினி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில், “உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ,” என்றாள். அவ்வளவு பேருக்கும் கதிரை இல்லை. புல்லில் இருந்தார்கள். சேஷாத்ரி தன் பெட்டியிலிருந்த நூறு குண்டையும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கப் பார்த்து, ஈயம் வாயில் வைக்கக்கூடாது என்று நாகேஸ்வரியிடம் ஏச்சு வாங்கினார்.

மறுவாரம் கழகத்திலிருந்து வந்த கடிதம் திரு. க. அரியரத்தினம் என்று, ஓர் எழுத்தும் குறையாமல், முழுப் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. மன்னிப்பு முதல் வரியில் இருந்தது. அறிவிப்புப் பலகையிலும் அந்தக் கடிதத்தின் பிரதியே ஒட்டப்பட்டது. அதன்பின் கீத் அவரை ஹரி என்று கூப்பிடவில்லை. முழுப் பெயரையும் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் எடுக்கும். அரியரத்தினம் அதுவரை பொறுமையாக நிற்பார்.

இயல்பாகவே மற்றவர்களும் வார்க்கத் தொடங்கினார்கள். கீத் தன் கொட்டிலில் இருபது குண்டு வார்த்து, ஒவ்வொன்றுக்கும் தங்கள் வழக்கப்படி ‘சீ யூ லேட்டர்’ என்று விடை கொடுத்தார். அவை போயின. இன்னும் வரவில்லை. பிறகு என்றுதானே சொன்னேன், நாள் சொல்லவில்லையே என்று கீத் கவலைப்படாமல் இருக்கிறார். அதற்குள் தானும் ஒரு துவக்கு வாங்கிக் கழகத்தில் சேர்ந்திருந்த சேஷாத்ரியும் கடைசியில் மனம் மாறி ஒரு சனிக்கிழமை அடுப்பு மூட்டினார். பத்மா கோயில் காரியமாகப் புறப்பட்டபோது, சென்னை வழக்கப்படி ‘வரேன்’ என்று மட்டும் சொல்ல, அவரும் அச்சைப் பார்த்தபடி ‘வா வா’ என்றார். போவதைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லாததால் அந்தக் குண்டுகள் போகவில்லை. சுட்டால் புகை வரும், சத்தம் வரும், குண்டு குழலின் வாயால் மெதுவாக இறங்கி அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கழகமே சிரித்தது. “நம்ம பாஷையில போறதே வர்றதுதான் சார், அதை இதுங்க அப்படியே எடுத்துண்டுடுத்து,” என்று சேஷாத்ரி விளக்கம் சொல்லிவிட்டு, கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினார். இன்றுவரை அவர் வாங்குகிறார், அரியரத்தினம் வார்த்ததைச் சுடுகிறார், ஞாயிறுதோறும் இருவரும் ஒரே காரில் போகிறார்கள். குண்டுகளை ஏற்றுவதில்லை, கேட்டுப் பார்த்ததுண்டு, அவை நடக்கவே விரும்பின.

ஒன்றைத் திருத்தவேண்டும். 1977 மார்ச் மாதத்து மழையில் அந்தக் குண்டுகள் பரமட்டாவில் ரயிலேறி, டிக்கெட் இல்லாமல் லிட்கம்வரை வந்தன என்று மெல்பேர்னில் இரண்டு வீடுகளில் பேசப்படுகிறது. ரயிலில் வந்தது உண்மை. வீதியில் வெள்ளம் நின்றதால் நாகேஸ்வரி வேலை முடிந்து வரும்போது அவற்றைக் கைப்பையில் கூட்டிவந்தார், தன் டிக்கெட்டைக் காட்டினார், பரிசோதகர் பைக்குள் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். குண்டுகளுக்கு அப்போது வயது இரண்டரை. அந்த வயதில் எவருக்கும் டிக்கெட் இல்லை.